கறிவேப்பிலை மஞ்சளானது யாரால்?

போன ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தரை மணி. என் வாட்ஸ்அப்பில் வரிசையாக மூன்று படங்கள் வந்து விழுந்தன. மூன்றிலும் ஒரே செடி. ஹால் ஜன்னல் ஓரம், பிளாஸ்டிக் தட்டின் மேல் ஒரு தொட்டி. அதில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறிவேப்பிலைச் செடி. பாதி இலை உதிர்ந்து குச்சி தெரிந்தது. மிச்சம் இருந்ததும் மஞ்சள்.

படங்களுக்குக் கீழே ஒரு செய்தி.

"ஆன்ட்டி, அம்மா ஃபோன்ல இருந்து அனுப்புறேன். நான் ஒன்பதாவது படிக்கிறேன். எங்க வீட்டு கறிவேப்பிலை மூணு மாசமா வளரவே இல்ல. தீட்டு நேரத்துல நான் தொட்டுட்டேன், அதனாலதான் செடி செத்துட்டு இருக்குன்னு பாட்டி சொல்றாங்க. அன்னிக்கு ரசத்துக்குத் தாளிக்க அவசரம், அம்மாதான் பறிச்சிட்டு வான்னாங்க. நிஜமாவே நான் தொட்டதால செடி சாகுமா ஆன்ட்டி?"

இந்தப் பகுதிக்கு வாரம் தவறாமல் கேள்விகள் வருகின்றன. பூ ஏன் பூக்கவில்லை, காய் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பார்கள். 'செடியைக் கொன்றது நானா?' என்று ஒரு பிள்ளை கேட்டது இதுதான் முதல் முறை. காலை வரை காத்திருக்க மனம் வரவில்லை. உடனே பதில் அனுப்பினேன்.

"இல்லடா கண்ணு. நீ தொட்டதால ஒண்ணும் ஆகல. ஏன் மஞ்சளாச்சுன்னு நாளைக்கு நாம ரெண்டு பேரும் கண்டுபிடிப்போம். இப்ப தூங்கு."

அவளும் அவள் அம்மாவும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயர் வேண்டாம்.

நானும் நம்பியவள்தான்

என் பாட்டி வீட்டுக் கொல்லையில் ஒரு மல்லிப் புதர் இருந்தது. மாதத்தில் அந்த நாட்களில் அதன் பக்கம் போகக்கூடாது. போனால் மொட்டு கருகிவிடும் என்பார்கள். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்து, நான் வைத்த முதல் தொட்டிச்செடி வாடியபோது, காலண்டரை எடுத்து நாள் எண்ணிப் பார்த்தேன். இன்று சிரிப்பு வருகிறது. அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த நம்பிக்கை நம் ஊரில் மட்டும் இருந்ததில்லை. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி என்ற அறிஞரும் தன் இயற்கை வரலாற்று நூலில், மாதவிலக்கில் இருக்கும் பெண் தொட்டால் பயிர் வாடும் என்று எழுதிவைத்தார். அவ்வளவு ஏன், டிப்தீரியா நோய்க்கான 'ஷிக் பரிசோதனை'யைத் தந்த பேலா ஷிக் என்ற மருத்துவரே, வேலைக்காரப் பெண் கையில் வைத்திருந்த பூக்கள் வாடியதைப் பார்த்துவிட்டு, அந்த நாட்களில் பெண் உடம்பில் ஏதோ ஒரு நஞ்சு சுரக்கிறது என்று 1920-ல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தக் கருத்து நிற்கவில்லை. அப்படி ஒரு நஞ்சே கிடையாது.

பெரிய படிப்பு படித்தவரே தடுக்கி விழுந்த இடம் இது. பாட்டியைக் குறை சொல்லி என்ன பயன்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பழம் விழுந்ததற்கு வேறு காரணம் இருக்கும். அதைத் தேடுவதுதான் நம் வேலை.

முதலில் பார், பிறகு ஊற்று

செடி மஞ்சளானால் நாம் என்ன செய்கிறோம்? கையில் கிடைத்ததைக் கொட்டுகிறோம். புளித்த மோர், அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு, யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஸ்பூன் யூரியா. காய்ச்சல் எதனால் என்று தெரியாமல் எல்லா மாத்திரையையும் சேர்த்து விழுங்குவது போலத்தான் இது. வீட்டுக்குள் வளரும் செடிகளில் பல, கவனிப்பு குறைந்து சாவதைவிடக் கவனிப்பு மிகுந்துதான் சாகின்றன.

மறுநாள் காலை அவளிடம் ஆறு கேள்விகள் கேட்டேன். உங்கள் வீட்டில் எந்தச் செடி நோஞ்சானாக இருந்தாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: மஞ்சள் எங்கே ஆரம்பித்தது? அடியில் உள்ள பழைய இலையிலா, நுனியில் உள்ள புதுத் துளிரிலா?

இரண்டு: எப்படி மஞ்சள்? இலை முழுக்கவா, நரம்புக்கு நடுவில் மட்டுமா, ஓரம் மட்டுமா?

மூன்று: மண்ணில் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார். ஈரமா, காய்ச்சலா? மண்ணின் மேல் என்ன தெரிகிறது?

நான்கு: நேர் வெயில் எத்தனை மணி நேரம்?

ஐந்து: என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

ஆறு: இலையைத் திருப்பிப் பார். அடியில் பூச்சி, முட்டை, நூல், பிசுபிசுப்பு ஏதாவது உண்டா?

அவள் நோட்டுப்புத்தகத்தில் அழகாக எழுதி, படமெடுத்து அனுப்பினாள். அந்தப் பக்கத்தை இன்னும் என் ஃபோனில் வைத்திருக்கிறேன்.

'1. ரெண்டுலயும். 2. பழைய இலைல ஓரம் காஞ்சு பழுப்பா இருக்கு. புது இலைல நரம்பு பச்சை, நடுவுல மஞ்சள். 3. உள்ள ஈரமா இருக்கு. மேல வெள்ளையா பவுடர் மாதிரி படிஞ்சிருக்கு. முட்டை ஓடும் இருக்கு. 4. வெயில் வராது. முன்னாடி பால்கனில இருந்துச்சு. புறா தொல்லைன்னு பிப்ரவரில உள்ள வச்சாங்க. 5. மார்ச்ல ஆர்.ஓ. மெஷின் வாங்கினோம். அதுல இருந்து வெளிய வர்ற வேஸ்ட் தண்ணிய பாட்டி பக்கெட்டுல பிடிச்சு டெய்லி ஊத்துவாங்க. 6. பூச்சி இல்ல.'

ஐந்தாவது பதிலைப் படித்ததும் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

ஊறுகாய்த் தொட்டி

ஆர்.ஓ. மெஷின் தண்ணீரை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் உப்பு குறைந்த குடிநீர். இன்னொரு பக்கம், அந்த உப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வெளியேறும் கழிவு நீர். உள்ளே போகும் தண்ணீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் கால்வாசி குடிநீராகப் பிரிந்தால், கழிவு நீரில் உப்பு ஏறக்குறைய 1,300 மில்லிகிராம். பாதி பிரிந்தால் 2,000-ஐ நெருங்கிவிடும்.

இப்போது தினம் ஒரு லிட்டர் ஊற்றுங்கள். தண்ணீர் ஆவியாகப் போய்விடும். உப்பு போகாது. லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் என்றால் ஒரு மாதத்தில் சுமார் 40 கிராம். வீட்டு டீஸ்பூனால் ஆறேழு ஸ்பூன் உப்பை நாமே தொட்டியில் போட்டது போல. மூன்று மாதத்துக்கு இருபது ஸ்பூன். அடித்துளை வழியாகத் தண்ணீர் நன்றாக வெளியேறினால் கொஞ்சமாவது உப்பு கூடவே போகும். இவர்கள் வீட்டில் தரை அழுக்காகக்கூடாது என்று தொட்டிக்கு அடியில் தட்டு. வடிந்த தண்ணீரைச் செடியே திரும்பவும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டால் என்ன ஆகிறது? மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். உப்பு அதிகம் உள்ள பக்கம்தான் தண்ணீர் போகும். மண்ணில் உப்பு ஏறினால் வேருக்கும் அதே கதி. மண் ஈரமாக இருந்தும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. இலை ஓரம் காய்ந்து பழுப்பாகும், உதிரும், வளர்ச்சி நிற்கும். மண் மேல் அவள் பார்த்த வெள்ளைப் பவுடர் அந்த உப்புதான்.

புதுத் துளிர் மஞ்சளானதற்கும் இதே தண்ணீருக்கும் தொடர்பு உண்டு. கடின நீரில் பைகார்பனேட் இருக்கும். அது மண்ணைக் காரத்தன்மை உடையதாக மாற்றும். கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. பீரோவுக்குள் பணம் இருந்தும் சாவி தொலைந்த மாதிரி. இலை பச்சையாக இரும்பு வேண்டும். கிடைத்த இரும்பைப் பழைய இலை விட்டுக் கொடுக்காது. அதனால் நுனித் துளிர்தான் முதலில் வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

அப்படியானால் முட்டை ஓடு? அது சுண்ணாம்பு. ஏற்கெனவே காரமான மண்ணுக்கு அதனால் ஒரு உபகாரமும் இல்லை. துருப்பிடித்த ஆணியைப் புதைத்தால் இரும்பு ஏறும் என்பார்கள். துரு தண்ணீரில் கரைவதில்லை. கரையாததை வேர் எடுக்க முடியாது.

நம் கண் சொல்லும் பொய்

மிச்சப் பாதிக் காரணம் நான்காவது பதிலில் இருந்தது. பால்கனியிலிருந்து ஹாலுக்கு வந்த செடி.

நமக்கு ஹால் வெளிச்சமாகத்தான் தெரியும். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். செடிக்கு அந்த வசதி கிடையாது. உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே வந்தால் பல வீடுகளில் சில நூறு லக்ஸ்தான். சந்தேகமிருந்தால் உங்கள் ஃபோனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் பால்கனிக்கும் ஹாலுக்கும் உள்ள வித்தியாசம் திகைக்க வைக்கும்.

மணி பிளான்ட், ஸ்னேக் பிளான்ட் போன்றவை இந்த மங்கலிலும் தாக்குப்பிடிக்கும். கறிவேப்பிலைக்கு ஐந்தாறு மணி நேர நேர் வெயில் வேண்டும். வெயில் இல்லாவிட்டால் அது உணவு தயாரிக்காது. தண்ணீரும் அதிகம் குடிக்காது. ஆனால் நாம் ஊற்றுவது மட்டும் பழைய அளவு. மண் காயவே காயாது. மண்ணின் சின்னச் சின்ன இடுக்குகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நின்றுவிடும். வேருக்கும் மூச்சு வேண்டுமே!

பிப்ரவரியில் இடம் மாறியது. மார்ச்சில் தண்ணீர் மாறியது. அதே சமயத்தில்தான் அந்தப் பிள்ளையும் வயதுக்கு வந்திருக்கிறாள். வீட்டில் மூன்று விஷயங்கள் மாறின. பழி மட்டும் ஒன்றின் மேல் விழுந்தது.

பாட்டியும் தப்புச் செய்யவில்லை

இதை எப்படி வீட்டில் சொல்வது? 'நீங்கள் ஊற்றிய தண்ணீர்தான் செடியைக் கெடுத்தது' என்று ஒன்பதாவது படிக்கும் பேத்தி பாட்டியிடம் சொல்ல முடியுமா?

2019 கோடையைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் வறண்டு, தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்றோம். அந்த வரிசையில் நின்ற ஒருவருக்கு, மெஷினிலிருந்து சிங்க்கில் ஓடும் தண்ணீரைப் பார்த்தால் மனசு பதறத்தான் செய்யும். பாட்டி பக்கெட் வைத்துப் பிடித்தது நல்ல பழக்கம். போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு. அந்தத் தண்ணீரால் வீடு துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம், மிதியடி துவைக்கலாம். தொட்டிச்செடிக்கு மட்டும் வேண்டாம்.

அதனால் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். "ரெண்டு எவர்சில்வர் தட்டு எடு. ஒண்ணுல ஆர்.ஓ. கழிவுத் தண்ணி ஒரு டம்ளர். இன்னொண்ணுல ஏ.சி.யில இருந்து சொட்டுற தண்ணி ஒரு டம்ளர். ரெண்டையும் மொட்டை மாடி வெயில்ல வை. காஞ்ச பிறகு பாட்டிகிட்ட காட்டு. நீ எதுவும் பேச வேண்டாம்."

நீங்களும் செய்து பாருங்கள். ஏ.சி. தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது. அதில் உப்பு அநேகமாக இருக்காது. தட்டு ஏறக்குறைய வைத்த மாதிரியே இருக்கும். கழிவுத் தண்ணீர்த் தட்டில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் படிந்திருக்கும். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் பார்ப்போமே, அதேதான்.

இரண்டாம் நாள் மாலை அவளிடமிருந்து செய்தி வந்தது. "பாட்டி தட்டை விரல்ல தேய்ச்சுப் பார்த்தாங்க. அப்புறம் செடிகிட்ட போய் மண்ணையும் தேய்ச்சுப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லல."

செய்த சிகிச்சை

செடிக்கு நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். இதே பிரச்னை உள்ளவர்கள் அப்படியே செய்யலாம்.

• மேல் மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்தோம். வெள்ளைப் படிவும் முட்டை ஓடும் அதோடு போயின.

• தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், தட்டை எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டோம். தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் தேவை. பத்து லிட்டர் தொட்டிக்கு இருபது லிட்டர். அவசரமாகக் கொட்டினால் ஓரமாக ஓடிவிடும், உப்பு கரையாது.

• பிறகு மண் காயும் வரை தண்ணீரே கிடையாது. விரலை விட்டு, இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால்தான் அடுத்த தண்ணீர். ஊற்றினால் அடியில் வடியும்வரை ஊற்ற வேண்டும். வடிந்ததைக் கீழே கொட்டிவிட வேண்டும்.

• மழைநீர், ஏ.சி. தண்ணீர், உப்பு குறைந்த குழாய்த் தண்ணீர் இவற்றில் எது கிடைக்கிறதோ அது. சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். பேனா கிடைக்கிறது. நம்முடைய குடிநீர்த் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்பது எல்லை. தொட்டிச்செடிக்கு 500-க்குள் இருந்தால் கவலையில்லை.

• செடியைப் பால்கனிக்குத் திருப்பினோம். ஒரேயடியாக வெயிலில் வைத்தால் ஹாலில் பழகிய இலை பொசுங்கிவிடும். முதல் வாரம் காலை வெயில் மட்டும். பிறகு முழு இடம். புறாவுக்கு வலை கட்டினார்கள்.

• உரம் எதுவும் போடவில்லை! நோயாளிக்குப் பிரியாணி தருவோமா? புதுத் துளிர் வந்த பிறகுதான் இரண்டு கைப்பிடி மண்புழு உரம்.

• துளிர் மட்டும் தொடர்ந்து வெளுப்பாக இருந்ததால் ஒரே ஒரு முறை அன்னபேதி உப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் அன்னபேதி, சில சொட்டு எலுமிச்சைச் சாறு. மாலையில் இலை மேல் தெளித்தோம். பதினைந்து நாள் வரை பறிக்கக்கூடாது. பறித்தாலும் நன்றாகக் கழுவ வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அன்னபேதிப் பொட்டலம் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும். வயிற்றுக்குள் போனால் ஆபத்து.

ஒன்றை மறக்காதீர்கள். பழுப்பான இலை மறுபடியும் பச்சையாகாது. அதைப் பார்த்துக்கொண்டு 'குணமாகவில்லையே' என்று வருந்த வேண்டாம். செடி பிழைக்கிறதா என்பதைப் புதுத் துளிர்தான் சொல்லும். அதற்கு மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

உங்கள் செடிக்கு வேறு அறிகுறியா?

அடி இலைகள் மட்டும் முழுசாக மஞ்சளாகி உதிர்ந்து, செடியே வெளிறி நின்றால், தழைச்சத்துக் குறைவு. மாதம் ஒரு முறை மண்புழு உரம் போதும்.

அடி இலையில் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால், மெக்னீசியம் குறைவு. எப்சம் உப்பு லிட்டருக்கு அரை டீஸ்பூன் கரைத்துத் தெளியுங்கள்.

மண் ஈரமாக இருந்தும் செடி தொங்கினால், வேர் மூச்சுத் திணறுகிறது. தண்ணீரை நிறுத்துங்கள். கெட்ட வாடை வந்தால் செடியை வெளியே எடுத்து, கறுத்துக் கொழகொழத்த வேரை வெட்டிவிட்டு, செம்மண், மணல், மண்புழு உரம் கலந்த புது மண்ணில் வையுங்கள்.

இலை பச்சையாகவே இருந்தும் வளர்ச்சி மட்டும் நின்றால், தொட்டியைச் சாய்த்துப் பாருங்கள். அடித்துளையில் வேர் எட்டிப்பார்த்தால் செடிக்கு வீடு சின்னதாகிவிட்டது. ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரேயடியாக அண்டா அளவுக்குப் போக வேண்டாம்; வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கும்.

இலை கடிபட்டிருந்தால், பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழுவாக இருக்கலாம். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால்தான் தேடி வருகிறது. கையால் எடுத்துவிட்டால் போதும். மருந்து வேண்டாம்.

இலையில் ஊசி குத்தினாற்போல வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால், வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது சிலந்திப்பேன். எறும்பு ஏறி இறங்கி, இலை பிசுபிசுத்தால் மாவுப்பூச்சி அல்லது செதில்பூச்சி. இரண்டுக்கும் முதல் வைத்தியம், இலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது. அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புத் திரவம் கலந்து மாலையில் தெளியுங்கள். நாம் சாப்பிடும் இலை. ரசாயன மருந்தின் பக்கமே போகாதீர்கள்.

மார்கழி, தை மாதங்களில் மெதுவாக வளர்ந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். குளிருக்குச் செடி ஓய்வெடுக்கிறது. வெயில் ஏறியதும் தானே எழும்.

இன்னொன்று. கறிவேப்பிலையைப் பறிக்காமல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது குச்சியாக ஓடும். நல்ல நிலைக்கு வந்த செடியின் நுனியைக் கிள்ளுங்கள். பக்கத்தில் இரண்டு கிளை வரும். ஒவ்வொரு இலையாக உருவாமல் கொத்தோடு பறியுங்கள்.

ஆமாம், கை பட்டால்தான் கறிவேப்பிலை தழைக்கும். யார் கை, எந்த நாள் என்று அது கேட்பதில்லை.

கடைசியாக வந்த படம்

ஆகஸ்ட் முதல் வாரம் இன்னொரு படம் வந்தது. அதே செடி, பால்கனியில். அடித்தண்டு இன்னும் மொட்டையாகத்தான் இருந்தது. ஆனால் நுனியில் இரண்டு, பக்கவாட்டில் மூன்று என்று துளிர்கள். இளம்பச்சை.

"பாட்டி இப்ப என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நெடுநேரம் காட்டியது. பிறகு வந்தது பதில்.

"ஒண்ணும் சொல்லல ஆன்ட்டி. சாமி ரூம் பக்கம், துளசித் தொட்டி பக்கம் இன்னும் விட மாட்டாங்க. ஆனா இன்னிக்குக் காலைல ரசத்துக்குத் தாளிக்கும்போது, 'போய் ஒரு கொத்து கறிவேப்பிலை பறிச்சிட்டு வா'ன்னு என்னைத்தான் கூப்பிட்டாங்க. எனக்கு இன்னிக்கு ரெண்டாவது நாள். பாட்டிக்கும் தெரியும்."

பிழைத்து எழும் செடியில் அதற்குள் பறிக்கக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஒரு கொத்துதானே!

அடுத்த வாரம், பால்கனியில் புதினாவும் கொத்தமல்லியும் ஏன் பத்து நாளில் படுத்துவிடுகின்றன என்று பார்ப்போம். அதுவரை உங்கள் வீட்டில் மஞ்சளாக நிற்கும் செடியிடம் அந்த ஆறு கேள்விகளைக் கேட்டு, பதிலோடு எழுதுங்கள். படம் மட்டும் அனுப்பினால் போதாது. என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.